நாற்பது பேருக்கு ஒரு கார்டு

அந்தக் கம்பெனியில் இஸ்திரிப் பிரிவுக்கு ஒரே ஒரு கார்டுதான். பச்சை பிளாஸ்டிக் அட்டை, ஓட்டை போட்டு நாடா கோத்தது, சூப்பர்வைசர் மேஜைக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும். கக்கூஸுக்குப் போகிறவள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். வந்ததும் ஆணியில் மாட்டிவிட வேண்டும். நாற்பது பெண்கள், ஒரு கார்டு, ஆளுக்கு ஏழு நிமிஷம். எட்டாவது நிமிஷம் சூப்பர்வைசர் கதவைத் தட்டி, "உள்ள என்ன, குடித்தனமா நடத்துற?" என்பான். மற்றவர்கள் சிரிக்க வேண்டும். சிரிக்காதவளுக்கு அடுத்த முறை கார்டு கிடைப்பது கஷ்டம்.

அதனால் காலையில் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. மேஜைக்கு அடியில் உள்ள மிதியை அழுத்தினால் இஸ்திரிப் பெட்டியிலிருந்து ஆவி சீறும். அது முகத்திலும் கழுத்திலும் அடித்து, குடித்த கொஞ்சநஞ்சத்தையும் வேர்வையாக வாங்கிவிடும். ஒன்பது மணி நேரம் நின்றுகொண்டே தேய்க்க வேண்டும். அடக்கி அடக்கி அடிவயிறு கல் மாதிரி ஆகிவிடும்.

ஏழாவது மேஜைக்காரி அதில் கெட்டிக்காரி. பன்னிரண்டு வருஷமாக அதே மேஜை. காலர், தோள், கை, முன்பக்கம், முதுகு என்று ஒரு சட்டைக்கு ஒண்ணேகால் நிமிஷம். காலையில் எட்டு மணிக்கு உள்ளே போனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான் ஒண்ணுக்குப் போவாள். "அண்ணி வயித்துக்குள்ள டேங்க்கு கட்டி வெச்சிருக்காங்க" என்று நாத்தனார் கிண்டல் செய்வாள். நாத்தனாருக்குக் கட்டினவன் சரியில்லை; நாலு வருஷத்துக்கு முன் அண்ணன் வீட்டோடு வந்துவிட்டாள். ஒரு காலேஜ் கேண்டீனில் தட்டும் டம்ளரும் கழுவுகிற வேலை. அண்ணன் டெம்போ ஓட்டுகிறான். இரண்டு அறை, ஒரு அடுப்பு, மூன்று பேர். நாலு வீட்டுக்குப் பொதுவாக வாசலைத் தாண்டி ஒரு கக்கூஸ்.

அந்தப் பொதுக் கக்கூஸில்தான் முதன்முதலில் வந்தது. ஒண்ணுக்குப் போய்விட்டு எழுந்தவளுக்கு நெஞ்சு தடதடவென்று அடித்தது. பின்மண்டையில் யாரோ ஆப்பு இறக்குகிற மாதிரி வலி. முகம் சுண்ணாம்பாக வெளுத்து, புடவை நனைகிற அளவுக்கு வேர்த்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள். பத்து நிமிஷத்தில் எல்லாம் வடிந்துவிட்டது. எழுந்து போய் அரிசி களைந்தாள்.

பிறகு அது தினமும் வந்தது. எப்போது ஒண்ணுக்குப் போனாலும் வந்தது. கொஞ்சம் அடக்கிப் போனால் கொஞ்சமாக, நிறைய அடக்கிப் போனால் நிறைய. இதை நாத்தனாரிடம் மட்டும் சொன்னாள்.

"ஒண்ணுக்குப் போனா நெஞ்சு அடிக்குமா? புதுசா இருக்கே அண்ணி."

"எனக்கு மட்டும் பழசா? பயமா இருக்குடி. உள்ள போகவே பயமா இருக்கு."

"அண்ணன்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். 'அப்ப போகாத'ன்னார்."

கோடையில் ஒரு நாள் தாங்க முடியாமல் கம்பெனியிலேயே கார்டு வாங்கிக்கொண்டு போனவள் திரும்பி வரவில்லை. கதவை உடைத்துத் தூக்கி வந்தார்கள். கம்பெனி நர்ஸம்மா வந்து பிரஷர் மிஷினைக் கட்டுவதற்குள் எல்லாம் வடிந்து, அளவு சாதாரணமாக இருந்தது. சூப்பர்வைசர் கார்டை அவள் கழுத்திலிருந்து கழற்றி ஆணியில் மாட்டினான். "நல்லா நடிக்கிற. சினிமாவுக்குப் போயிருக்கலாம்" என்றான். அன்றிலிருந்து அவளுக்கு நடிகை என்று பேர். "நடிகைக்கு ஒரு டீ", "நடிகை, அந்த அட்டைப் பெட்டிய நகத்து". பன்னிரண்டு வருஷம் ஒரே ஒரு சட்டைகூடக் கருகாமல் தேய்த்தவளுக்கு அந்தப் பேர்தான் ஒட்டியது.

பேர் வீட்டுக்கும் வந்துவிட்டது. பக்கத்து மேஜைக்காரி சொல்லி, அவள் புருஷன் சொல்லி, டெம்போ ஸ்டாண்டில் ஒருத்தன், "உன் வீட்டம்மா நடிகையாமே" என்றானாம். அன்று வீட்டுக்காரன் சாப்பிடும்போது தட்டைத் தள்ளி வைத்தான்.

"என்ன எளவுதான் உனக்கு? வேலைக்குப் போக உடம்பு வளையலன்னா சொல்லிடு."

"வளையலையா? நேத்து முன்னூத்தி நாப்பது பீஸ்."

"அப்ப எதுக்கு விழுற?"

"விழணும்னு வேண்டுதலா? வாங்க, பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. நானும் தெரிஞ்சுக்கறேன்."

போனார்கள். வரிசையில் நாலு மணி நேரம். டாக்டரைச் சுற்றி படிக்கிற பையன்களும் பெண்களுமாக எட்டுப் பேர். டாக்டர் அவளைப் பார்த்து, "எப்ப வருதும்மா?" என்றார். பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் வீட்டுக்காரன் முந்திக்கொண்டான். ஒண்ணுக்கு என்கிற வார்த்தையை அத்தனை பேருக்கு நடுவில் தன் பெண்டாட்டி சொல்லிவிடுவாளோ என்று அவனுக்கு உதறல்.

"சும்மா இருக்கும்போதே வரும் சார். வேலை செய்யும்போதும் வரும். நேரம் காலம் கெடையாது."

டாக்டர் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. புருஷன் சொன்னால் போதும். பெண்டாட்டியின் உடம்பைப் பற்றிப் பெண்டாட்டியைவிடப் புருஷனுக்குத்தானே தெரியும். ஆனாலும் அந்த டாக்டர் மட்டமானவர் இல்லை. மாணவர்களைப் பார்த்து ஏதோ சொன்னார். பிறகு இவர்களிடம், கிட்னிக்கு மேலே தொப்பி வைத்தாற்போல் ஒரு சுரப்பி உண்டு, அதில் கட்டி இருந்தால் அது ஒரு சாற்றைக் கக்கும், கக்கும்போதெல்லாம் ரத்தம் துள்ளும், அபூர்வம், ஆனால் பார்த்துவிடுவோம் என்றார். ஒரு நாள் முழுக்கப் போகிற மூத்திரத்தைப் பிடித்து வர வேண்டும், வயிற்றை ஸ்கேன் எடுக்க வேண்டும்.

லேப் ஜன்னலில் ஒரு வெள்ளைக் கேனைத் தள்ளினார்கள். மூடிக்கு மேல் இங்கிலீஷில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. "காலைல ஆரம்பிச்சு மறுநாள் காலை வரைக்கும். சொட்டு விடக்கூடாது. அடுத்து!" அவ்வளவுதான் சொன்னார்கள்.

வீட்டில் நாத்தனார் மூடியைத் திறந்து மோந்தாள். அடியில் கொஞ்சம் ஏதோ திரவம் கிடந்தது. மூக்கில் சுரீரென்று ஏறியது.

"அண்ணி, எவளோடதோ மிச்சம் உள்ளயே கெடக்கு. நாறுது."

"கொட்டிக் கழுவுடி. அதுல போயி என்னோடத ஊத்தவா?"

நாத்தனார் கொட்டினாள். ஒரு நாளைக்கு எண்ணூறு டம்ளர் கழுவுகிறவள். அவளுக்கு அழுக்கு கேன் என்றால் சும்மா இருக்க முடியாது. சோப்புத் தூள் போட்டுக் குச்சியில் துணி சுற்றி உள்ளே விட்டுத் தேய்த்தாள். விரல் எரிந்தது. 'என்ன பினாயிலோ' என்று நினைத்துக்கொண்டு மூன்று தண்ணீர் அலசினாள். சீட்டும் ஊறிப் பிய்ந்துகொண்டு வந்துவிட்டது. கேனைப் பளபளவென்று வெயிலில் கவிழ்த்து வைத்தாள்.

மறுநாள் இஸ்திரிக்காரி லீவு போட்டுவிட்டு வீட்டிலிருந்தாள். அன்றைக்கு அவளுக்கு ஏழு தடவை வந்தது. ஒவ்வொரு தடவையும் நாத்தனார் வாசலில் நின்று கேனை வாங்கிக்கொண்டு, இன்னொரு கையால் அண்ணியைத் தாங்கிப் படியில் உட்கார வைத்தாள்.

"இதெல்லாம் இந்தக் கேன்ல தெரிஞ்சுடும்ல அண்ணி?"

"தெரியணும். ஏழு தடவை செத்துப் பொழச்சிருக்கேன்."

ஒன்றும் தெரியவில்லை. கேனில் போட்டு வைத்திருந்த மருந்து இல்லாமல், அந்த வெக்கையில் ஒரு நாள் கிடந்ததில் தெரிய வேண்டியதெல்லாம் கெட்டுப் போயிருந்தது. ரிசல்ட் நார்மல். ஸ்கேனில் கிட்னிக்கு மேலே இரண்டு பக்கமும் தொப்பி இருக்க வேண்டிய மாதிரியே இருந்தது. அதுவும் நார்மல். கட்டி அங்கே இல்லை. வேறெங்கே என்று யாரும் தேடவில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டில் டாக்டர் ஒரு வரி எழுதி, அவளை மனநலப் பிரிவுக்கு அனுப்பினார். அங்கே மூன்று நிமிஷம். "வீட்ல ஏதாவது கவலையா?" என்றார்கள். "கவலையில்லாத வீடு எங்க இருக்கு?" என்றாள். அதையும் எழுதிக்கொண்டார்கள். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, மாத்திரை.

வரும் வழியில் வீட்டுக்காரன் டெம்போவை ஓட்டிக்கொண்டே சொன்னான்: "நான் சொன்னேன்ல. மனசுதான்."

"நீங்க டாக்டர்கிட்ட என்ன சொன்னீங்க? சும்மா இருக்கும்போது வரும்னா சொல்றது?"

"பின்ன? எட்டு பேரு நிக்கறான். எம் பொண்டாட்டி மூத்திரத்தப் பத்தி நான் பேசணுமா?"

"அவங்க மூத்திரத்தத்தான கேன்ல கேட்டாங்க?"

அவன் ஹார்னை அழுத்தினான். முன்னால் யாருமில்லை.

மாத்திரை கண்ணை இழுத்தது. மூன்றாவது வாரம், மிதியில் கால் இருக்க, பெட்டி ஒரு வெள்ளைச் சட்டையின் முதுகில் நின்றுவிட்டது. அவள் நின்றபடியே தூங்கியிருந்தாள். பழுப்பு நிறத்தில், பெட்டியின் வடிவம் அப்படியே சட்டையில் பதிந்திருந்தது. சூப்பர்வைசர் அதைத் தூக்கிப் பிடித்து நாற்பது மேஜைக்கும் காட்டினான். "மாத்திரை சாப்பிடுறவங்களை வெச்சு நெருப்பு வேலை பார்க்க முடியாது, பாதுகாப்பு விதி" என்று அன்றே வேலையிலிருந்து நிறுத்தினான். பன்னிரண்டு வருஷத்துக்கு அவள் காட்ட அந்த ஒரு சட்டைதான் மிஞ்சியது. பெண்கள் கார்டு கேட்கும்போது மட்டும் அவனுக்குப் பாதுகாப்பு விதி ஏன் ஞாபகம் வருவதில்லை என்று கேட்க அங்கே ஆளில்லை.

எட்டு மாசம் வீட்டிலேயே கிடந்தாள். அக்கம்பக்கத்துச் சட்டைகளைத் தேய்த்துக் கொடுத்தாள். ஒண்ணுக்குப் போகும்போதெல்லாம் நாத்தனாரோ, அவள் வேலைக்குப் போயிருந்தால் எதிர்வீட்டுச் சுவரோ, துணை. தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக் குறைத்து உதடு வெடித்தது. மழைக்காலத்தில் ஒரு நாள் ரத்தமாகப் போயிற்று.

இந்த முறை வீட்டுக்காரனை நாத்தனார் வரவிடவில்லை. "நீ வண்டியிலயே இரு. நீ பேசினது போதும்" என்றாள். அண்ணியை அழைத்துக்கொண்டு தெருமுனை ஸ்கேன் சென்டருக்குப் போனாள். அங்கே ஸ்கேன் எடுக்கிறவள் இருபத்தைந்து வயசுப் பெண். அவளே சீட்டு எழுதி, அவளே விளக்கைப் போட்டு, அவளே திரையைப் பார்த்தாள்.

"அடிவயிறு ஸ்கேன்க்கா. ஒரு லிட்டர் தண்ணி குடிங்க. நல்லா முட்டுற வரைக்கும் அடக்கி வெச்சிருங்க. உங்களால முடியுமா? பாதிப் பேரு ஓடிடுறாங்க."

"அதுதாம்மா என் உத்தியோகமே" என்றாள் இஸ்திரிக்காரி.

வராண்டாவில் இருந்த மற்ற பெண்கள் காலை மாற்றி மாற்றிப் போட்டு நெளிந்தார்கள். இவள் சிலை மாதிரி இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். உள்ளே படுக்க வைத்து வயிற்றில் பசையைத் தடவிக் கருவியை உருட்டினாள் அந்தப் பெண். உருட்டியவள் ஓரிடத்தில் நிறுத்தினாள். மறுபடியும் உருட்டி அங்கேயே வந்து நின்றாள். மூத்திரப் பையின் சுவரில், உள்பக்கமாக, நெல்லிக்காய் அளவில் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"போயிட்டு வந்து படுங்கக்கா. பை காலியான பிறகு இன்னொரு தடவ பார்க்கணும்."

இஸ்திரிக்காரி நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் கூடவே எழுந்தாள்.

"நீங்க எதுக்கு?"

"அண்ணி ஒண்ணுக்குப் போனா விழுவாங்க."

அந்தப் பெண் கையிலிருந்த கருவியைக் கீழே வைத்தாள். "என்ன?"

கக்கூஸ் அந்த அறைக்குள்ளேயே இருந்தது. வெளியே வந்தபோது இஸ்திரிக்காரியின் முகத்தில் ரத்தமில்லை. ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது. அந்தப் பெண் ஓடிவந்து பிரஷர் மிஷினைக் கட்டினாள். எண்ணைப் பார்த்தாள். மிஷின் பழுதோ என்று கழற்றித் தன் கையில் கட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி அவள் கையில் கட்டினாள். இருநூற்று முப்பது.

"எவ்வளவு நாளா இப்படி?"

"ரெண்டு வருஷம்."

"ஏன்க்கா யார்கிட்டயும் சொல்லல?"

இஸ்திரிக்காரிக்கு இன்னும் மூச்சு வாங்கியது. நாத்தனார்தான் சொன்னாள்: "சொல்லாம என்ன? சொன்னதுக்குத்தான் நடிகைன்னு பேரு வெச்சாங்க."

அந்தப் பெண் சட்டென்று வேறுபக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு தன் கையாலேயே ஒரு காகிதம் நிறைய எழுதினாள். "இதப் பெரியாஸ்பத்திரியில குடுங்க. கிட்னிக்கு மேல மட்டும் தேடியிருக்காங்க. அந்தச் சாற்றைக் கக்குற கட்டி இங்கயும் வரும். ஒண்ணுக்குப் போறப்ப பை சுருங்குது, கட்டி நசுங்குது, கக்குது. லட்சத்துல ஒருத்தருக்கு."

பெரியாஸ்பத்திரியில் மறுபடியும் அதே ஜன்னல், அதே வெள்ளைக் கேன். இந்த முறை ஜன்னலில் வேறு ஆள். "உள்ள மருந்து இருக்கு. கொட்டிடாதீங்க, கழுவிடாதீங்க. கைல பட்டா எரியும்" என்றார்.

நாத்தனார் கேனை வாங்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கழுவினா என்ன ஆகும் சார்?"

"டெஸ்டே வீண். நார்மல்னு வந்துடும்."

அண்ணியை வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். அன்று பிற்பகல் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாத்தனார் அதைச் சொன்னாள். சொல்லி முடித்து அழக்கூட இல்லை. கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சோப்பில் ஊறி வெடித்த விரல்கள். இஸ்திரிக்காரி ஒன்றும் பேசவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். மறுநாளும் பேசவில்லை. நாத்தனார் கொண்டுவந்த சோற்றைச் சாப்பிட்டாள், கேனைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கையை நீட்டினாள், விழும்போது அவள் தோளிலேயே விழுந்தாள், ஆனால் பேசவில்லை. எட்டு மாசம் சின்னதா?

மூன்றாம் நாள் டாக்டர் மாணவர்களோடு வந்தார். மூத்திர ரிசல்ட் எக்கச்சக்கமாக வந்திருந்தது. அவருக்கு ஒரே உற்சாகம். நாத்தனார் ஜன்னலில் கேட்டதும் அவர் காதுக்குப் போயிருந்தது. கேஸ் ஷீட்டைப் புரட்டி மாணவர்களிடம் பேசினார். பிறகு இவர்களுக்கும் விளங்கட்டும் என்று தமிழில்: "போன தடவ கேனைக் கழுவிட்டாங்க. அதனாலதான் தப்பிடுச்சு. படிப்பில்லாதவங்ககிட்ட நாமதான் தெளிவா சொல்லணும். எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார்கள். வீட்டுக்காரன் தங்கச்சியை முறைத்தான். "நீதானாடி? எல்லாத்துக்கும் நீதானா? கழுவுறதத் தவிர வேற எளவு தெரியாது உனக்கு."

இஸ்திரிக்காரி எழுந்து உட்கார்ந்தாள்.

"கொட்டிக் கழுவுடின்னு சொன்னவ நானு. அவளை என்ன கேக்கறீங்க?" பிறகு டாக்டரைப் பார்த்தாள். "சார், கேனை நாங்க கழுவினோம். ஒத்துக்கறேன். எப்ப வருதுன்னு என்னைக் கேட்டீங்க, இவர் பதில் சொன்னார். என் வாய் என்ன, வாடகைக்கா விட்டிருக்கு? அதையும் எழுதிக்கச் சொல்லுங்க."

ஒரு மாணவி பேனாவை எடுத்தாள். டாக்டர் திரும்பிப் பார்த்ததும் வைத்துவிட்டாள்.

"ஆபரேஷன் ஆனா சரியாயிடும்மா" என்றார் டாக்டர், தணிந்த குரலில்.

"ஆகட்டும் சார். எனக்கு ஒரு சீட்டு மட்டும் வேணும். நான் நடிக்கல, இது வியாதின்னு. கம்பெனிக்குக் காட்டணும். என் மேஜை எனக்கு வேணும்."

"டிஸ்சார்ஜ் பண்ணும்போது எல்லாம் எழுதித் தருவோம்."

இரண்டு வாரம் மாத்திரை கொடுத்து ரத்தக் கொதிப்பை அடக்கினார்கள். பிறகு அறுத்தார்கள். பிரஷர் ஏறி இறங்கி ஆட்டம் காட்டியதாம். ஐந்து மணி நேரம். நெல்லிக்காயோடு பையிலும் ஒரு பகுதியை வெட்டி எடுத்துவிட்டார்கள். கண் விழித்ததும் அவள் முதலில் நாத்தனாரைத்தான் கூப்பிட்டாள். "ஏண்டி, தண்ணி குடுடி. நெறைய குடு." நாத்தனார் அப்போதுதான் அழுதாள்.

சீட்டு வந்தது. மூன்று பக்கம், இங்கிலீஷ். அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, இரண்டு மாசம் கழித்து ஒரு காலை, அவளும் நாத்தனாரும் கம்பெனிக்குப் போனார்கள். வீட்டுக்காரன் டெம்போவில் வாசல் வரை கொண்டுவந்து விட்டான். இப்போதெல்லாம் அவன் ஸ்டாண்டில், "எம் பொண்டாட்டிக்கு வந்தது லட்சத்துல ஒருத்தருக்கு வர்றது" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஆவியும் வெந்த துணி வாசனையும் அப்படியே இருந்தன. ஏழாவது மேஜையில் ஒரு புதுப்பெண். சூப்பர்வைசர் சீட்டை வாங்கினான். அவனுக்கு இங்கிலீஷ் தெரியும். முதல் பக்கம் படித்தான், இரண்டாம் பக்கம் படித்தான். முகம் மாறியது. உண்மையிலேயே மாறியது.

"நெஜமாவே கட்டிதானாக்கா?"

"நான் அப்பவே சொன்னேன்."

"தப்பா நெனச்சுட்டேன்க்கா. மனசுல வெச்சுக்காதீங்க. எட்டாம் நம்பர் காலியாத்தான் இருக்கு, திங்கக்கிழமையே…" என்றவன் மூன்றாம் பக்கத்துக்கு வந்தான். விரலை வைத்துப் படித்தான். நிறுத்தினான். "இது என்ன போட்டிருக்காங்க? பை சின்னதாயிடுச்சு, மணிக்கொரு தடவை கண்டிப்பா ஒண்ணுக்குப் போகணும், அடக்கவே கூடாதுன்னு?"

"ஆமா. அப்படித்தான் சொன்னாங்க."

அவன் மூன்று பக்கத்தையும் வரிசையாக அடுக்கி, மடித்து, உறையில் போட்டு, மரியாதையாக இரண்டு கையாலும் நீட்டினான்.

"நடிக்கலன்னு ஒத்துக்கறேன்க்கா. யார்கிட்ட வேணும்னாலும் சொல்றேன். ஆனா நாப்பது பேருக்கு ஒரு கார்டு. உங்களுக்கே ஒம்பது தடவ குடுத்தா மத்தவளுங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது? நீங்களே சொல்லுங்க."

அவளிடம் வெட்கத்தைவிட்டுத் திருப்பிக் கேட்க ஒரு கேள்வி இருந்தது. இன்னொரு கார்டு செய்தால் ஆகாதா என்று. நாத்தனார் அதைக் கேட்டும்விட்டாள். அவன் மேலே கையைக் காட்டினான். மேலே முதலாளியின் கண்ணாடி அறை, உள்ளே யாரும் தெரியவில்லை.

இஸ்திரிக்காரி ஆணியைப் பார்த்தாள். கார்டு அங்கே தொங்கியது. அதை எடுக்காமல், மேஜைகளுக்கு நடுவில் நேராக நடந்து கக்கூஸுக்குள் போய்த் தாழ் போட்டாள். "அக்கா, அக்கா" என்று சூப்பர்வைசர் இரண்டு தடவை கூப்பிட்டான். எல்லாப் பெட்டிகளும் ஆவியை நிறுத்தின. எட்டாவது நிமிஷம் ஆயிற்று, பத்தாயிற்று. யாரும் கதவைத் தட்டவில்லை. வெளியே வந்தாள். முகம் வெளுக்கவில்லை, ஒரு பொட்டு வேர்வை இல்லை. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வாசலுக்கு நடந்தாள்.

நாத்தனார் பின்னால் ஓடினாள்.

"வந்துச்சா அண்ணி?"

"வரல."

"அப்ப முழுசா நல்லாயிட்டீங்க."

"நல்லாயிட்டேன்" என்றாள் இஸ்திரிக்காரி. "இந்த வேலைக்கு நல்லாயிருக்கக் கூடாதுடி."

உள்ளே பெட்டிகள் மறுபடியும் சீறத் தொடங்கின.